வேலூரில் நிலம், சட்டம், வழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் பக்கம் மனை வாங்குகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், தெருவில் கடை போட்டிருப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: “சட்டம் ஒன்று சொல்கிறது, நடப்பது வேறாக இருக்கிறது, நான் எதை நம்புவது?” அதற்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் உதாரணங்களும் வரும், ஏனென்றால் பாலாறும் ஏரிக் கால்வாயும் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை.

ஓர் ஊர் எப்படி வளர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

காகிதத்தில் பார்த்தால் பதில் சுலபம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நகர் ஊரமைப்பு இயக்ககம், மக்கள் வாயில் டி.டி.சி.பி. வேலூருக்கென்று உள்ளூர் திட்டக் குழுமம், 2008 முதல் மாநகராட்சி, கிராமங்களில் ஊராட்சி. கட்டடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். எந்த சர்வே எண்ணில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் விவசாயம் என்று மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம், பிரித்துச் சொல்லும்.

ஆனால் இந்தச் சட்டங்கள் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது. எந்தத் தெருவில் யார் குடியிருப்பது, ஏரித் தண்ணீர் முதலில் எந்த வயலுக்கு, தேர் எந்த வழியாகப் போகும், சந்தையில் யாருக்கு எந்த மூலை என்பதெல்லாம் எழுதாமலே முடிவாகியிருந்தது. சட்டம் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. சில இடத்தில் வழக்கத்தை மாற்றியது. சில இடத்தில் அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டது. பல இடங்களில் கண்டும் காணாமல் விட்டது. அந்தக் கண்டும் காணாமையால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

“பஞ்சாயத்து அப்ரூவல்” மனை என்கிறார்களே, அது செல்லுமா?

மனைப்பிரிவுக்குச் செல்லாது. ஊராட்சித் தலைவர் தன் கையெழுத்தை மட்டும் போட்டு ஒரு லேஅவுட்டை அங்கீகரிக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளே நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்கின்றன. இருந்தும் காட்பாடி, பாகாயம், அரியூர், பொய்கை என்று எந்தப் பக்கம் போனாலும் பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் விற்ற மனைகள் இருக்கும். வயலில் கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, வளைவு வைத்து, ஒரு பெயர்ப் பலகையும் மாட்டிவிட்டால் அது நகர் ஆகிவிட்டது.

இத்தனை வருடம் எப்படி நடந்தது? பத்திரப்பதிவு நடந்தது, அதனால் நடந்தது. சார் பதிவாளர் அலுவலகம் பதிவு செய்தது, வங்கிக்கு வெளியே கடன் கிடைத்தது, வீட்டு வரி போட்டார்கள், கம்பம் நட்டார்கள். அங்கீகாரம் என்ற ஒன்றைத் தவிர எல்லா அரசு முத்திரையும் கிடைத்தது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்தை மிச்சம் பிடித்தோ நகையை வைத்தோ வாங்கியவர்கள். அங்கீகரித்த மனையின் விலை அவர்களுக்கு எட்டவில்லை. சட்டம் கேட்கும் அகலமான ரோடும் பூங்கா இடமும் மனையின் விலையில்தானே ஏறும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. இத்தகைய மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத்தான் பல குடும்பங்களுக்குத் தங்கள் மனை அங்கீகாரமில்லாதது என்பதே தெரிந்தது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் கதி?

இத்தகைய மனைகளை முறைப்படுத்த அரசு 2017 மே மாதம் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவு, அதில் ஒரு மனையாவது அந்தத் தேதிக்கு முன் பதிவு செய்து விற்றிருந்தால், கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றன அந்த விதிகள். நீர்நிலை, புறம்போக்கு போன்றவற்றில் இருந்தால் கிடையாது. விண்ணப்பிக்கும் அவகாசம் பலமுறை நீட்டப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லேஅவுட் போட்டு விற்ற புரமோட்டர் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போயிருப்பார். வரன்முறைக் கட்டணம் கட்டுவது மனை வாங்கியவர். மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நடப்பதும் அவரே. மன்னிப்பு என்று பெயர், ஆனால் அபராதம் தப்பு செய்யாதவர் தலையில். அடுத்த முறையும் தேதி தள்ளிப்போகும் என்று சந்தைக்குத் தெரியும், அதனால் இன்றைக்கும் அங்கீகாரமில்லாத மனையை “சீக்கிரம் அப்ரூவல் ஆயிடும் சார்” என்று சொல்லி விற்கிறார்கள்.

அங்கீகரித்த லேஅவுட்டில் பூங்கா என்று காட்டிய இடத்தில் கட்டடம் வந்தால்?

3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொது ஒதுக்கீட்டு இடம். ஓ.எஸ்.ஆர். என்பார்கள். ரோடும் இந்த இடமும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட வேண்டும். தானப் பத்திரம் பதிவாகியும் வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றாமல் விட்ட இடங்களில்தான் பிறகு வம்பு வரும். பட்டா பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும், அவர் பேரப்பிள்ளை ஒருநாள் வேலி போடுவார். அங்கே குடியிருப்போர் சங்கம் இருந்து, ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ மின்வாரியக்காரரோ ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் இடம் தப்பும். கோயில் கட்டிவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பூங்கா மூலையில் பிள்ளையாரை உட்கார வைப்பதும் உண்டு. ஆக்கிரமிப்பைத் தடுக்க இன்னொரு ஆக்கிரமிப்பு!

மலையடிவாரத்திலும் கால்வாய் ஓரத்திலும் இருப்பவர்களிடம் பட்டா இல்லை. ஆனால் வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிறதே?

வேலூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. சைதாப்பேட்டை, காகிதப்பட்டறை, சின்ன அல்லாபுரம் பக்கம் வீடுகள் பாறை மேலேயே ஏறிப் போகின்றன. நிலம் மலைப் புறம்போக்காகவோ வனமாகவோ இருக்கும். மக்கள் அங்கே போனதற்குக் காரணம், வேலை கீழே டவுனில் இருக்கிறது, பீடி, மூட்டை, வீட்டுவேலை, ஆஸ்பத்திரித் துப்புரவு. கீழே வாடகை கட்டுப்படியாகாது.

இங்கே பி மெமோ என்ற காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு நிலத்தில் ஒருவர் குடியிருக்கிறார் என்று கிராமக் கணக்கில் ஏற்றி, அபராதத் தீர்வை வசூலிக்க வருவாய்த்துறை தரும் குறிப்பு அது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வெளியேற்றுவதற்கு அதுதான் முதல் படி. ஆனால் வாங்குகிறவர் அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். “இத்தனாம் வருஷம் முதல் இங்கே இருக்கிறேன் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறது” என்பதற்கு அது சாட்சி. பத்து வருடம் கழித்து ஆட்சேபணையற்ற புறம்போக்குக்கு வீட்டுமனைப் பட்டா தரும் அரசாணை வந்தால் தாசில்தார் கேட்பது குடியிருந்ததற்கு ஆதாரம். விரட்டுவதற்குக் கொடுத்த காகிதம் இருக்க வைப்பதற்குப் பயன்படுகிறது. வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. சட்டப்படி இவற்றில் எதுவும் நில உரிமை தராது. நடைமுறையில் இவை இல்லாதவனுக்கு மாற்று வீடுகூடக் கிடைக்காது. தேர்தலுக்குத் தேர்தல் வார்டு உறுப்பினரிடம் ஒரு தெருவிளக்கு, ஒரு குழாய், ஒரு சிமெண்ட் ரோடு என்று கேட்டு வாங்குவதற்கும் பின்னால் இந்தக் கணக்கு உண்டு.

ஆட்சேபகரமான புறம்போக்கில் இருந்தால், அதாவது ஏரி, கால்வாய், ரோடு, மேய்ச்சல், எத்தனை ரசீது இருந்தாலும் பட்டா கிடையாது. நிக்கல்சன் கால்வாய் ஓரத்து வீடுகளின் சிக்கல் இதுதான். மழைக்காலத்தில் கன்சால்பேட்டையில் தண்ணீர் புகுந்தால் பழி முழுக்க அந்தக் குடிசைகள் மேல் விழும். கால்வாயை மூடிப் பெரிய கட்டடங்கள் கட்டியவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. 2021 நவம்பர் மழையில் காகிதப்பட்டறையில் பாறை உருண்டு வீட்டின் மேல் விழுந்து உயிர்ச்சேதம் ஆனது. அப்புறம்தான் அடிவார வீடுகளைக் கணக்கெடுக்கும் பேச்சு சூடுபிடித்தது.

எழுதாத விதிகள் எல்லாம் ஏழைகளுக்கு உதவுபவையா?

இல்லை. நம்மூரில் மிகப் பழைய, மிக இறுக்கமான நிலத் திட்டம் சாதிதான். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். இதை எந்தத் திட்டக் குழுமமும் வரையவில்லை. ஆனால் நிலவரித் திட்டக் கணக்கு எழுதிய காலத்தில் குடியிருப்பு நிலத்தை ஊர் நத்தம், சேரி நத்தம் என்று தனித்தனியாகப் பதிந்துவிட்டார்கள். வழக்கம் அதோடு ஆவணம் ஆகிவிட்டது. பின்னாளில் அரசு தந்த ஆதிதிராவிடர் நல மனைகளும் பெரும்பாலும் பழைய காலனியை ஒட்டியே அமைந்தன. நிலம் எடுக்க அங்கேதான் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்தது நாடு முழுக்கத் தெரியும். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தின் ஊடாக இருந்தது. வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அப்போது அது வேலூர் மாவட்டம், இன்று திருப்பத்தூர்.

சுடுகாட்டுப் பாதை என்பது திட்டமிடலின் மிக எளிய வேலை. ஒரு கோடு போட்டு, நிலம் எடுத்து, வரைபடத்தில் பாதை என்று பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அது நடக்காமல் போனதற்குக் காரணம் சட்டத்தில் இடம் இல்லாதது அல்ல. “நடந்து போய்க்கொள்ளட்டும், எழுதிக் கேட்காதீர்கள்” என்ற வாய்மொழி ஏற்பாட்டை எல்லா அலுவலகமும் போதும் என்று நினைத்தது. தயவில் கிடைத்த வழியை எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். வாய்மொழி ஏற்பாடுகளை அழகாகப் பேசுகிறவர்களிடம் நான் இந்தப் பாலத்தைத்தான் காட்டுவேன்.

கோட்டைக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறது. மாடி எடுக்கலாமா?

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். பழுது பார்க்கவும் அனுமதி தேவை. டவுனின் மிக நெருக்கமான வியாபாரப் பகுதிகள் இந்த வளையத்தில்தான் இருக்கின்றன, அதனால் பழுது பார்ப்பது என்ற பெயரில் சத்தமில்லாமல் ஒரு தளம் ஏறுவது நடக்கிறது. நோட்டீஸ் வரும்போது இடிக்கச் செலவும் உங்களுடையதுதான், செய்யாதீர்கள்.

கோட்டைக்குள்ளேயே இதைவிடப் பெரிய கதை உண்டு. ஜலகண்டேசுவரர் கோயில் பல நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் இருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில், பழக்கத்தில் இல்லாத வழிபாட்டைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பது தொல்லியல் துறையின் நிலை. 1981 மார்ச் 16ஆம் தேதி, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஊர்மக்கள் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். விதி அப்படியே இருக்கிறது, பூசையும் நடக்கிறது. ஊரே ஒன்றுசேர்ந்து கேட்டால் விதி வளைந்துகொடுக்கிறது. மலையடிவாரத்துக் குடும்பம் தனியாகக் கேட்டால் வளைவதில்லை.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள்? அங்கே சட்டம் கடுமையாகத்தானே இருந்தது?

இருந்தது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு தரும் தொழிற்சாலை வரக் கூடாது என்று 1989இல் மாநில அரசே ஆணை போட்டது. அதற்கு முன்பே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்களாகிவிட்டன. ஆற்று மணலில் ஊறிய நல்ல தண்ணீர், குடும்பம் குடும்பமாகக் கைமாறிய தொழில், கடன் கொடுக்கும் உறவுகள், இவைதான் தொழிற்சாலை எங்கே வர வேண்டும் என்று தீர்மானித்தன. மண்டல வரைபடம் பிறகு வந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால். சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வேலூர் பெயரைப் படிப்பது இதற்காகத்தான், நமக்கு அது பெருமையா என்று தெரியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். மழை நாளில் வெள்ளத்தோடு கழிவையும் திறந்துவிடுகிறார்கள் என்ற விவசாயிகளின் புகார் நிற்கவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாறு, இதே இழப்பீடு பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இடையில் ஏன் அமல் ஆகவில்லை? வயல் கெட்டவரின் மகனே தோல் கம்பெனியில் கூலிக்குப் போகிறான். புகார் எழுத உட்கார்ந்தால் வீட்டுக்குள்ளேயே தகராறு.

ஏரிகளை முன்பு ஊரே பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

ஓரளவு உண்மை. மதகைத் திறந்து தண்ணீர் பங்கிட ஊர் நியமித்த ஆள் இருந்தார். நீர்கட்டி, கம்புகட்டி என்று பகுதிக்கு ஒரு பெயர், அறுவடையில் அவருக்கு நெல். குடிமராமத்துக்கு, அதாவது ஏரியை ஊரே கூடிப் பழுது பார்ப்பதற்கு, ஆள் தருவது வழக்கம். 1858இல் வெள்ளைக்காரர்கள் அதையும் சட்டமாக்கினார்கள். ஏரிப் பாசனத்தில் இருந்த ஆயக்கட்டு வயல்கள் மனைகளாக ஆனதும் இந்த ஏற்பாடு படுத்துவிட்டது, தண்ணீரே தேவைப்படாதவர் மதகை ஏன் பார்க்கப் போகிறார்? ஏரி இப்போது நீர்வளத் துறைக் கணக்கில் ஓர் எண், குப்பை கொட்டுகிறவருக்கு ஒரு பள்ளம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் எல்லையை அளந்து கல் நடச் சொல்கிறது. கல்லைக் காவல் காக்க ஆள் இல்லாத இடத்தில் கல்லும் நகர்ந்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி வீடுகளே லாட்ஜ் ஆகிவிட்டன. இது எந்த விதியில் வருகிறது?

இதற்கென்றே நேராக எழுதிய விதி இல்லை. சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள், வாரக்கணக்கில் தங்குகிறார்கள், தாங்களே சமைக்க ஒரு அடுப்பு வேண்டும் என்கிறார்கள். குடியிருப்புக்கு வாங்கிய அனுமதியில் அறை அறையாகத் தடுத்து நாள் வாடகைக்கு விட்டார்கள். தெருப் பலகைகளில் வங்க எழுத்து வந்தது. விதிப்படி இது வணிகப் பயன்பாடு. வாகன நிறுத்தம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, வெளிநாட்டவர் தங்கினால் அதைத் தெரிவிக்கும் படிவம் எல்லாம் வேண்டும். விதியை முழுதாக அமல் செய்தால் பாதி அறைகளைப் பூட்ட வேண்டும், நோயாளி பிளாட்பாரத்தில் படுப்பார். அமல் செய்யாவிட்டால் தீ விபத்துக்கு யார் பொறுப்பு? சிறிய விடுதிகளுக்கென்று எளிய, ஆனால் தீப் பாதுகாப்பில் கறாரான தனி விதி எழுதுவதே வழி என்று நினைக்கிறேன்.

தரைக்கடைக்காரர்களை எடுக்கச் சொல்லலாமா?

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடித்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். நேதாஜி மார்க்கெட், லாங்கு பஜார் பக்கம் யார் எங்கே உட்காருவது என்பது தகப்பன் பிள்ளை வழியாக வருகிறது. காலையில் சுங்கம் வசூலிக்க ஆள் வருகிறார், மதியம் ஆக்கிரமிப்பு என்று லாரி வருகிறது. ஒரே இடத்துக்கு ரசீதும் நோட்டீசும்.

2019 மாவட்டப் பிரிப்பால் என்ன மாறியது?

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது நல்லது. பாலாற்றுக்கு இப்போது இங்கே மட்டும் மூன்று கலெக்டர்கள்.

ஸ்மார்ட் சிட்டி வந்ததே, அது?

2016இல் வேலூர் தேர்வானது. 2022இல் ஒரு தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலே சுற்றிச் சிமெண்ட் ரோடு போட்ட படம் ஊர் முழுக்கச் சுற்றியது. ஒப்பந்தத்தில் எத்தனை மீட்டர் ரோடு என்று இருக்கும், பைக் சொந்தக்காரரைக் கூப்பிடு என்று இருக்காது. அந்தத் தெருவில் பத்து வீட்டுக்காரரைக் கலந்துகொண்டிருந்தால் நடந்திருக்காது.

நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?

கிராமத்தில் கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருவார்கள். புரமோட்டர்கள் தவறாமல் எழுதுகிறார்கள், மற்றவர்கள் எழுதுவதில்லை.

சரி, இப்போது ஒரு மனை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

டி.டி.சி.பி. அனுமதி எண், வரைபடத்தோடு. எண் மட்டும் போட்ட நோட்டீசை நம்ப வேண்டாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்.எம்.பி. என்ற புல அளவு வரைபடம், வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு. அனாதீனம் (உரிமையாளர் தெரியாத நிலம்), பஞ்சமி (தலித்துகளுக்கு அரசு ஒதுக்கியது), பூமிதானம் (நிலமற்றவர்களுக்குத் தானமாக வந்தது), கோயில் நிலம் என்று எங்கேயாவது இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரோடும் பூங்காவும் தானப் பத்திரம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள்.

2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம். மனை அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

காகிதம் பார்த்த பிறகு நேரில் போங்கள், நல்ல மழை பெய்த மறுநாள். பக்கத்து டீக்கடையில், இந்த இடம் முன்பு என்ன பயிர், தண்ணீர் எந்தப் பக்கம் போகும், மயானத்துக்கு வழி எது, முன்பு யாராவது வாங்கித் தகராறு ஆனதா என்று கேளுங்கள். பட்டாவில் இல்லாத பங்காளி ஒருவர் இருந்தால் அவர் பெயர் அங்கேதான் முதலில் அடிபடும்.